கொரோனா சமயத்தில் முழுகாமல் இருந்தவர்களிடம் ஒரு கேள்வி

கொடிவேரி மீனு

தங்கைக்கு இப்போது ஐந்தாம் மாதம். போன வாரம் போன் செய்தாள். மறுபடியும் செய்தியில் கொரோனா என்கிறார்களே, மாமியார் பக்கத்தில் ஒரு கல்யாணம் இருக்கிறது, போகலாமா, மாஸ்க் போட்டுக்கொண்டு போனால் ஒரு மாதிரி பார்ப்பார்களா என்று கேட்டாள். நானும் பெரிய அனுபவசாலி மாதிரி ஆரம்பித்தேன், பாதியில் வாய் அடைத்துப்போனது. 2020-ல் நான் நடந்துகொண்ட லட்சணம் அப்படி.

ஊரடங்கு அறிவித்தபோது எனக்கு நாள் தள்ளிப்போய் பத்து நாள். அம்பத்தூரில் இருந்தோம். மே மாதம் கோயம்பேடு மார்க்கெட்டிலிருந்து பரவுகிறது என்று தெரிந்ததும் வெண்டைக்காயை மஞ்சள் தண்ணீரில் ஊறப்போட்டுக் குளிப்பாட்டினேன். பால் பாக்கெட்டுக்கு சோப்பு. கதவுத் தாழ்ப்பாளுக்கு சானிடைசர். ஜூன் 21 சூரிய கிரகணம் வந்ததே, அன்று காலையிலிருந்து மதியம் வரை ஜன்னலெல்லாம் மூடி, பச்சைத் தண்ணீர் கூடக் குடிக்காமல் படுத்திருந்தேன்.

அப்புறம் அக்டோபரில் கோபியில் வளைகாப்பு. எழுபது பேர் வந்தார்கள். ஒருத்தர் முகத்திலும் மாஸ்க் இல்லை, போட்டோவில் முகம் தெரியாதாம். எழுபது பேரும் வரிசையாக வந்து என் கையைப் பிடித்து வளையல் போட்டு, கன்னத்தில் சந்தனம் தடவி, ஐந்து வகை சாதத்தையும் வாயில் ஊட்டினார்கள். கொஞ்சம் கூட பயமே வரவில்லை, சத்தியமாக. வெண்டைக்காய்க்குப் பயந்தவள் எழுபது கைகளுக்குப் பயப்படவில்லை.

உங்களுக்கு எப்படி இருந்தது? எதற்குப் பயந்தீர்கள், எதற்குப் பயப்படவில்லை? பிள்ளை பெற்றவர்கள் மட்டும் இல்லை, பிள்ளைக்குக் காத்திருந்தவர்கள், அப்போதுதான் கல்யாணம் ஆனவர்கள் எல்லோரும் சொல்லுங்கள்.

கணக்குப்பிள்ளை

ஆண்கள் பதில் சொல்லலாமா தெரியவில்லை, சொல்லிவிடுகிறேன். இது எல்லாமே எண்ணைப் பார்க்காததால் வந்த குழப்பம். 2020 நவம்பரில் அமெரிக்க அரசின் நோய்த் தடுப்பு மையம் (சிடிசி) ஒரு கணக்கு கொடுத்தது. 15 முதல் 44 வயது வரை உள்ள, தொற்று வந்து அறிகுறியும் இருந்த பெண்களில், கர்ப்பிணிகள் ஆயிரத்துக்கு 10.5 பேர் ஐசியு போனார்கள், மற்றவர்கள் 3.9 பேர். செயற்கை சுவாசம் தேவைப்பட்டது 2.9, மற்றவர்களில் 1.1. ஆக, கிட்டத்தட்ட மூன்று மடங்கு ஆபத்து. ஆனாலும் ஆயிரத்தில் 989 பேர் ஐசியு பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. இரண்டையும் சேர்த்து மனதில் வைத்தால் வெண்டைக்காயையும் குளிப்பாட்ட வேண்டாம், எழுபது பேரையும் கூப்பிட வேண்டாம்.

ரெண்டாங்கட்டு

கணக்குப்பிள்ளை சார், கணக்கு சரி. அந்தப் பத்தரையில் நான் ஒருத்தியா இல்லையா என்று எந்த நெடுவரிசையில் பார்ப்பது? எட்டாம் மாதத்தில் ராத்திரி மூன்று மணிக்குப் புரண்டு படுக்க முடியாமல் விழித்திருக்கும்போது ஆயிரத்துக்கு எத்தனை என்று யாருக்கும் தோன்றாது. நமக்கு வருமா வராதா, அவ்வளவுதான்.

மீனு, உங்கள் வளைகாப்புக்கு என்னிடம் பதில் இருக்கிறது. தெரிந்தவர்களிடமிருந்து நோய் வராது என்று நாம் எல்லோரும் நம்பினோம். கொரோனா மார்க்கெட்டில் இருந்தது, டெல்லியில் இருந்தது, பக்கத்துத் தெருவில் தகரம் அடித்த வீட்டில் இருந்தது. பெரியம்மா கையில் எப்படி இருக்கும்? எங்கள் வீட்டில் கேஸ் சிலிண்டர் கொண்டுவந்த பையனை வாசலிலேயே நிறுத்தினார்கள், பெங்களூரில் இருந்து கார் பிடித்து வந்த நாத்தனாரை ஆரத்தி எடுத்து உள்ளே கூப்பிட்டார்கள். யார் கொண்டுவந்தார்கள் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

செஞ்சி நர்ஸ்

நான் விழுப்புரம் மாவட்டத்தில் கிராம சுகாதார செவிலியர். ஊரில் நர்சம்மா என்றால்தான் தெரியும். அந்த இரண்டு வருஷமும் என் துணை நிலையத்தில் பதிந்த கர்ப்பிணிகள் எல்லோர் வீட்டு வாசலும் எனக்குத் தெரியும் என்பதால் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன்.

முதல் வருஷம் எங்கள் பெண்களுக்கு நோய் பற்றி பெரிய பயம் இல்லை. அது வயசானவர்களுக்கு வருவது, சுகர் இருப்பவர்களுக்கு வருவது, எனக்கு இருபத்து மூணு வயசுதானே என்றார்கள். பயந்தது என்னைப் பார்த்து. பத்து வீடு ஏறி இறங்கி வருகிறாள், இவள்தான் கொண்டுவருவாள் என்று திண்ணையோடு நிறுத்திய வீடுகள் உண்டு. ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு செக்கப் வரச் சொன்னால் ‘அங்க வந்தாதான் ஒட்டிக்கும்’ என்பார்கள். இரும்புச்சத்து மாத்திரையை வாசற்படியில் வைத்துவிட்டு, தள்ளி நின்று, சாப்பிட்டாயா என்று கத்திக் கேட்டிருக்கிறேன். அவர்கள் சொன்னதில் தப்பும் இல்லை, அது ஒட்டும் இடம்தான். ஆனால் செக்கப்புக்கு வராததால் ரத்த அழுத்தம் ஏறியது தெரியாமல் போனவர்கள் இருந்தார்கள். அந்த ஆபத்தைப் பற்றி டிவியில் யாரும் மணிக்கொரு தரம் சொல்லவில்லை.

தடுப்பூசிதான் பெரிய கதை. 2021 ஜனவரி 16-ல் ஊசி ஆரம்பித்தபோது கர்ப்பிணிகளுக்குக் கிடையாது, பால் கொடுப்பவர்களுக்கும் கிடையாது. அதை வீடு வீடாகப் போய்ச் சொன்னது நான். மே 19-ல் பால் கொடுப்பவர்கள் போடலாம் என்று வந்தது. ஜூலை 2-ல் கர்ப்பிணிகளும் போடலாம் என்று வந்தது. அதையும் வீடு வீடாகப் போய்ச் சொன்னது நான்தான். ஒரு பெண் என்னைக் கேட்டாள்: ‘அப்ப ஆகாதுன்னீங்க, இப்ப ஆகும்ங்கறீங்க, இந்த ஆறு மாசத்துல என் வயிறு மாறிடுச்சா?’ மருந்து சோதனைகளில் கர்ப்பிணிகளைச் சேர்க்கவில்லை, விவரம் இல்லாததால் முதலில் வேண்டாம் என்றார்கள், இப்போது வெளிநாட்டில் போட்டவர்கள் விவரம் வந்திருக்கிறது என்று எனக்குத் தெரிந்த வரை சொன்னேன். அவள் கேட்டது நியாயம்தான் என்று உள்ளுக்குள் பட்டது.

நடுவில் ஏப்ரலில் நடிகர் விவேக் ஊசி போட்ட இரண்டாம் நாள் இறந்துபோனார். ஊசி காரணமில்லை என்று பிறகு ஆராய்ந்த குழு சொன்னது. ஊரில் அந்தப் ‘பிறகு’ யாருக்கும் போய்ச் சேரவில்லை.

இத்தனைக்கும் டிடி (டெட்டனஸ்) ஊசிக்குக் கை நீட்டாத கர்ப்பிணியை என் சர்வீஸில் நான் பார்த்ததே இல்லை. அதில் என்ன இருக்கிறது என்று ஒருத்தியும் கேட்டதில்லை. அவள் அம்மா போட்டிருக்கிறாள், மாமியார் போட்டிருக்கிறாள், அது போதும்.

ரெண்டாங்கட்டு

நர்சம்மா, கும்பிடுறேன். அந்த ‘வயிறு மாறிடுச்சா’ கேள்வியைத்தான் நானும் என் டாக்டரிடம் கேட்க நினைத்தேன், வார்த்தை வரவில்லை.

கோவை காத்திருப்பு

பிள்ளைக்குக் காத்திருந்தவர்களும் சொல்லலாம் என்றதால் வருகிறேன். 2020 மார்ச்சில் எனக்கு 37 வயது. ஐவிஎஃப்க்குப் பணம் கட்டி, ஊசி ஆரம்பிக்கத் தேதி குறித்திருந்தார்கள். அந்த வாரமே எல்லாம் நின்றது. அமெரிக்காவில் கருத்தரிப்பு மருத்துவர் சங்கம் புது சிகிச்சை எதையும் தொடங்க வேண்டாம் என்று மார்ச் 17-ல் சொன்னது, இங்கும் மையங்கள் மூடிவிட்டன. எனக்குக் கொரோனா பயமே இல்லை என்று சொன்னால் நம்புவீர்களா? தினமும் மாவட்ட வாரியாக எண்ணிக்கை சொல்வார்களே, அதைப் பார்க்கும்போது இன்னும் எத்தனை மாதம் மையம் திறக்காது என்றுதான் கணக்குப் போட்டேன். கரு முட்டைக்கு ஊரடங்கு கிடையாது. அது பாட்டுக்குக் குறைந்துகொண்டிருந்தது.

வீட்டில் எல்லோரும் ‘நோய் நேரத்தில் பிள்ளை எதற்கு, ஒரு வருஷம் போகட்டும்’ என்றார்கள். இருபத்து நாலு வயதுக்காரியிடம் சொல்ல வேண்டியதை என்னிடம் சொன்னார்கள்.

கொரோனா ஊசி வந்தபோது எனக்குப் பயம் வந்தது, மறைக்கவில்லை. ஊசி போட்டால் மலடாகிவிடுவார்கள் என்று ஒரு செய்தி சுற்றியதே, நச்சுக்கொடி உருவாக உதவும் ஏதோ ஒரு புரதமும் வைரஸின் முள் புரதமும் ஒன்றுபோல இருக்கிறது, உடம்பு இரண்டையும் எதிர்க்கும் என்று. எனக்கு அது நேராக நெஞ்சில் குத்துவது போல இருந்தது. உட்கார்ந்து தேடித்தேடிப் படித்தேன். இரண்டு புரதங்களுக்கும் சொல்லும்படி ஒற்றுமையே கிடையாது. அப்படி ஒன்று நடப்பதாக இருந்தால் கொரோனா வந்துபோன பெண்களுக்கும் கரு தங்கியிருக்கக் கூடாது, தங்கிக்கொண்டுதான் இருந்தது. பிறகு ஐவிஎஃப் செய்த பெண்களை வைத்தே ஊசி போட்டவர், போடாதவர் என்று பார்த்தார்கள், வித்தியாசம் இல்லை. போட்டேன். ஆனால் போட்ட அன்று ராத்திரி தூங்கவில்லை. தெரிந்துகொள்வது வேறு, பயம் போவது வேறு போல.

(2022 கடைசியில் மகள் பிறந்தாள். கேட்பீர்கள் என்று சொல்லிவிட்டேன்.)

சும்மா ஒரு ஆள்

எல்லோரும் ஊசிக்கு வக்காலத்து வாங்குகிறீர்கள். எனக்கு ஊசி போட்ட பிறகு மூன்று மாதம் தேதி தவறித்தவறித்தான் வந்தது. சொன்னால் டென்ஷன் என்றார்கள், கற்பனை என்றார்கள். அப்புறம் எப்படி நம்புவது?

லேபர் வார்டு

சும்மா ஒரு ஆள், உங்களைக் கற்பனை என்று சொன்னது தப்பு. நான் மகப்பேறு மருத்துவர். ஊசிச் சோதனைகளில் மாதவிடாய் பற்றி யாரும் கேட்கவே இல்லை, அதுதான் உண்மை. பெண்கள் தாங்களாகப் பேச ஆரம்பித்த பிறகுதான் பார்த்தார்கள். 2022 ஜனவரியில் வெளியான அமெரிக்க ஆய்வில், மாதவிடாய் நாள் குறித்து வைக்கும் செயலியைப் பயன்படுத்திய கிட்டத்தட்ட 4,000 பெண்களின் சுழற்சியைப் பார்த்தபோது, சராசரியாக ஒரு நாளுக்கும் குறைவான தள்ளல் இருந்தது. ஒரே சுழற்சிக்குள் இரண்டு டோஸும் போட்டவர்களுக்கு இரண்டு நாள் போல. அடுத்தடுத்த மாதங்களில் சரியாகிவிட்டது. சராசரி என்றால் சிலருக்கு அதிகமாகவும் இருந்திருக்கும். உங்களுடைய மூன்று மாதத்துக்கு ஊசிதான் காரணமா என்று இங்கிருந்து சொல்ல முடியாது, ஆனால் கேட்டதும் துரத்தியடித்திருக்கக் கூடாது. துரத்தியதால்தான் 2021 ஏப்ரலில் ‘தீட்டுக்கு ஐந்து நாள் முன்னும் பின்னும் ஊசி போடாதீர்கள்’ என்ற வாட்ஸ்அப் செய்தி அப்படிப் பறந்தது. அதற்கு எந்த ஆதாரமும் இல்லை. ஆனால் அந்தச் செய்தியில் யாரோ நம் உடம்பைப் பற்றி அக்கறையாகப் பேசுகிற மாதிரி ஒரு தொனி இருந்தது, அரசு விளம்பரத்தில் அது இல்லை.

இப்போது மீனுவின் கேள்விக்கு வருகிறேன். இரண்டாம் அலையில் சென்னையில் ஓர் அரசு மருத்துவமனையில் முதுகலைப் படிப்பில் இருந்தேன். தமிழ்நாட்டில் 2021 மே 21 அன்று ஒரே நாளில் 36 ஆயிரத்துக்கு மேல் தொற்று. அந்த வாரங்களில் வந்த கர்ப்பிணிகளில் என்னால் மறக்க முடியாதவர்கள் எல்லோரும் ஏழு, எட்டு மாதத்தில், ஆக்சிஜன் 86, 88 என்று வந்தவர்கள். ஏன் இவ்வளவு தாமதம் என்று கேட்டால் பதில் ஒரே மாதிரி இருக்கும். மூச்சு வாங்கியது, ஆனால் மாசமாக இருந்தால் மூச்சு வாங்குவது சகஜம்தானே என்று வீட்டில் சொன்னார்கள்.

அது பொய்யும் இல்லை. வளரும் கர்ப்பப்பை உதரவிதானத்தை மேலே தள்ளுகிறது, நுரையீரலில் சேமிப்பு குறைகிறது, உடம்பு கேட்கும் ஆக்சிஜனோ அதிகமாகிறது. படி ஏறினால் மேல்மூச்சு வாங்கத்தான் செய்யும். அதே காரணத்தால்தான் நிமோனியா வந்தால் மற்ற பெண்களைவிட இவர்கள் சீக்கிரம் சரிகிறார்கள். கர்ப்பிணிக்கு ஆக்சிஜன் அளவு 95-க்குக் கீழே போகக் கூடாது. மற்றவர்களுக்குச் சொன்ன 94, 93 கணக்கை வைத்துக்கொண்டு வீட்டில் உட்கார்ந்திருந்தவர்கள் உண்டு. சளி, காய்ச்சலைப் பார்த்துப் பயந்தார்கள். மூச்சு வாங்குவதைத்தான் யாரும் கண்டுகொள்ளவில்லை.

அடுத்தது எக்ஸ்ரே. ஆக்சிஜன் மாஸ்க் போட்டுக்கொண்டே ‘எக்ஸ்ரே வேண்டாம் டாக்டர், குழந்தைக்கு ஆகாது’ என்று கையெடுத்துக் கும்பிட்ட பெண்ணைப் பார்த்திருக்கிறேன். நெஞ்சு எக்ஸ்ரேயில் வயிற்றுப் பிள்ளைக்குப் போய்ச் சேரும் கதிர்வீச்சு மிகமிகச் சொற்பம். அவளுக்கு மூச்சு நின்றால் பிள்ளைக்கும் மூச்சு இல்லை என்று விளக்குவதற்குள் அரை மணி நேரம் போய்விடும். அவள் முட்டாள் இல்லை. சின்ன வயதிலிருந்து கர்ப்பிணி எக்ஸ்ரே அறைக்குள் போகக் கூடாது என்ற பலகையைப் பார்த்து வளர்ந்தவள். கொரோனா பற்றி அப்படி ஒரு பலகையும் அவள் பார்த்ததில்லை.

கணக்குப்பிள்ளை, உங்கள் எண்ணோடு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (ஐசிஎம்ஆர்) 2021 ஜூனில் சொன்னது: முதல் அலையில் தொற்று வந்த கர்ப்பிணிகள், பிள்ளை பெற்றவர்களில் அறிகுறி இருந்தவர்கள் 14.2 சதவீதம், இறந்தவர்கள் 0.7 சதவீதம். இரண்டாம் அலையில் அறிகுறி 28.7, இறப்பு 5.7. இது மருத்துவமனைக்கு வந்தவர்கள் கணக்கு, ஊரிலிருந்த எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் பொருந்தாது. ஆனால் அந்த எட்டு மடங்கை நாங்கள் எண்ணாகத் தெரிந்துகொள்வதற்கு முன்பே வார்டில் பார்த்துவிட்டோம். முதல் வருஷம் கொரோனா வந்தும் சுகமாகப் பிரசவித்த தோழிகளைப் பார்த்துத்தான் இரண்டாம் வருஷம் பல பேர் தைரியமாக இருந்தார்கள். வைரஸ் மாறியிருந்தது, தைரியம் பழையது.

கணக்குப்பிள்ளை

டாக்டர், சேர்த்துக்கொண்டேன். கொஞ்சம் அவமானமாகவும் இருக்கிறது, சொல்லிவிடுகிறேன். 2021-ல் என் மனைவி ஆறாம் மாதம். ஜூலையில் அனுமதி வந்ததும் ஒரு எக்செல் தாள் போட்டு, ஊசி போட்டால் இவ்வளவு, போடாவிட்டால் இவ்வளவு என்று அவளிடம் காட்டினேன். பொறுமையாகப் பார்த்துவிட்டு ‘இதுல பாப்பா எங்க?’ என்று கேட்டாள். தாளில் பாப்பாவுக்கு நெடுவரிசையே இல்லை. எல்லாமே அவளுடைய ஐசியு, அவளுடைய வென்டிலேட்டர். அவள் கேட்டது அது இல்லை. டெல்டா வகை வைரஸ் பரவிய காலத்தில் தொற்று வந்த தாய்மாருக்கு குழந்தை இறந்து பிறக்கும் வாய்ப்பு கிட்டத்தட்ட நான்கு மடங்கு என்று சிடிசி சொன்னது 2021 நவம்பரில். அதற்குள் என் மகன் பிறந்துவிட்டான்.

பாடம் நடத்துபவள்

உளவியல் சொல்லிக்கொடுக்கிறேன், சுருக்கமாக ஒன்று. 1990-ல் ரிடோவ், பேரன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் (பேரன் என்பது பெயர், உறவில்லை) ஒரு கேள்வி கேட்டுப் பார்த்தார்கள். ஒரு காய்ச்சலில் பத்தாயிரம் குழந்தைகளில் பத்துப் பேர் இறக்கிறார்கள். தடுப்பூசி போட்டால் காய்ச்சல் வராது, ஆனால் ஊசியாலேயே சிலர் இறக்கலாம். எத்தனை பேர் வரை என்றால் உங்கள் குழந்தைக்குப் போடுவீர்கள்? பத்துக்குக் கொஞ்சம் குறைவாக இருந்தாலே போடுவதுதான் கணக்கு. நிறைய பேர் அதற்கு வெகு கீழேயே நின்றுவிட்டார்கள், சிலர் ஒரு குழந்தை கூடக் கூடாது என்றார்கள். நாம் ஒன்றைச் செய்து வரும் கேடு, செய்யாமல் வரும் கேட்டைவிட நமக்குப் பெரிதாகத் தெரிகிறது.

கொடிவேரி மீனு

பாடம் நடத்துபவள் சொன்னதைப் படித்ததும் எனக்கு நாத்தனார் ஞாபகம். 2021 ஆகஸ்டில் அவள் நாலு மாதம். ஊசி போடட்டுமா என்று மாமியாரிடம் கேட்டாள். மாமியார் வேண்டாம் என்று சொல்லவில்லை. ‘உன் இஷ்டம். ஆனா நாளைக்கு ஏதாவது ஆச்சுன்னா என்னக் கேக்காத’ என்றார். அவ்வளவுதான், அவள் போடவில்லை. போடாமல் இருந்து கொரோனா வந்து ஏதாவது ஆகியிருந்தால் அது விதி, ஊர் முழுக்க வந்தது, அவள் என்ன செய்வாள் என்பார்கள். போட்டு அடுத்த வாரம் வேறு எந்தக் காரணத்தாலோ கரு கலைந்திருந்தால்? வாழ்நாள் பூரா ‘சொல்லச் சொல்லக் கேட்காமல் போய்ப் போட்டுக்கொண்டு வந்தாள்’ என்ற ஒரே வரிதான். முதல் மூன்று, நான்கு மாதங்களில் எத்தனையோ கரு ஊசியும் இல்லாமல் நோயும் இல்லாமல் கலைகிறது. அதில் ஒன்று தன்னுடையதாக இருந்துவிட்டால் பழி தன் தலையில் என்று அவளுக்குத் தெரியும்.

என் வளைகாப்பும் அப்படித்தானோ என்று இப்போது தோன்றுகிறது. வெண்டைக்காயை நான் கழுவாமல் விட்டு நோய் வந்திருந்தால் ‘இவள் அஜாக்கிரதை’. எழுபது பேர் வந்து நோய் வந்திருந்தால் யாரும் என்னைச் சொல்லியிருக்க மாட்டார்கள், பெரியவர்கள் வைத்த விசேஷம். கிரகணத்தன்று ஜன்னல் மூடியதும் அதே கணக்குதான். கிரகணத்தால் ஒன்றும் ஆகாது என்று எனக்குத் தெரியும், நான் இயற்பியல் படித்தவள். பிள்ளைக்கு உதட்டில் சின்னக் குறை இருந்தால்கூட அந்த மதியத்தைச் சொல்லிக் காட்டுவார்கள் என்பதும் தெரியும்.

மார்த்தாண்டம் மருமகள்

மீனு சொல்வது எங்கள் பக்கம் கொசுவால் பரவும் ஜிகா காய்ச்சல் வந்தபோது அப்பட்டமாகத் தெரிந்தது. 2021 ஜூலையில் திருவனந்தபுரம் பக்கத்தில் ஒரு கர்ப்பிணிக்கு ஜிகா என்று உறுதியானது. அவர் ஊரிலிருந்து எங்கள் களியக்காவிளை கூப்பிடு தூரம். கொரோனாவுக்கு மாஸ்க்கை தாடையில் மாட்டிக்கொண்டு திரிந்த பெண்களெல்லாம் அந்த வாரம் முழுக்கை நைட்டிக்கு மாறினார்கள். தேங்காய்ச் சிரட்டைகளைக் கவிழ்த்து வைத்தோம், பூந்தொட்டித் தட்டைக் காய வைத்தோம். ஏன் என்றால் ஜிகா என்றதும் பிரேசில் குழந்தைகளின் போட்டோதான் கண்ணுக்கு வந்தது, சின்னத் தலையோடு. 2015, 16-ல் எல்லோரும் பார்த்தது. தாய்க்கு ஜிகா பெரும்பாலும் லேசான காய்ச்சல், அரிப்பு, அவ்வளவுதான். கொரோனா அதற்கு நேர் எதிர், மூச்சு முட்டுவது தாய்க்கு. எங்களை உலுக்கியது ஜிகாதான், ஏனென்றால் அது பிள்ளை மேல் கை வைக்கிறது. தாயைக் கொல்லும் நோயின் போட்டோ யாரிடமும் இல்லை.

எல் சால்வடாரில் அப்போது அரசே 2018 வரை பிள்ளை பெறாதீர்கள் என்று பெண்களிடம் சொன்னது. கொசுவை ஒழிக்க முடியாதவர்கள் பெண்களிடம் வந்து நின்றார்கள். கருக்கலைப்புக்கு ஒரு விதிவிலக்கும் இல்லாத நாடு அது என்பதையும் சேர்த்து யோசித்துப் பாருங்கள்.

பனங்கிழங்கு

யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு சின்னக் குறிப்பு. இங்கே 2021 ஜூனிலேயே கர்ப்பிணித் தாய்மாருக்கு சினோபார்ம் என்ற சீனத் தடுப்பூசி போடத் தொடங்கிவிட்டார்கள், உங்களைவிடக் கொஞ்சம் முந்தி. நான் அப்போது ஐந்து மாதம். என்னை முடிவெடுக்க வைத்தது டிவியும் இல்லை, பேப்பரும் இல்லை. எங்கள் மிட்வைஃப் அக்கா கிளினிக்கில் வைத்து, ‘நான் என்ர தங்கச்சிக்குப் போடச் சொன்னனான்’ என்றா. வேறொன்றும் சொல்லவில்லை.

செஞ்சி நர்ஸ்

பனங்கிழங்கு, அந்த அக்காவின் வித்தை எனக்கும் தாமதமாகத்தான் தெரிந்தது. ஜூலையில் நோட்டீஸைப் படித்துக் காட்டிக்கொண்டிருந்தேன், யாரும் அசையவில்லை. எங்கள் ஊரில் ஒரு பெண் போட்டுக்கொண்டு, மறுநாள் தெருக்குழாயில் தண்ணீர் பிடிக்க வந்தாள். அவ்வளவுதான் நடந்தது. அந்தத் தெருவில் மீதி நாலு பேரும் அந்த வாரமே வந்தார்கள். அந்த மாதக் கடைசிக்குள் நாடு முழுக்க 2.27 லட்சம் கர்ப்பிணிகள் முதல் டோஸ் போட்டிருந்தார்கள், அதில் 78 ஆயிரத்துக்கு மேல் தமிழ்நாட்டில். எல்லா ஊரிலும் ஒரு தண்ணிக்குழாய் இருந்திருக்கும்.

மீனு சொன்ன பழி விஷயத்துக்கு நான் செய்த ஒரு வேலையைச் சொல்கிறேன், சரியா தப்பா தெரியாது. மாமியார் இருக்கும்போது பெண்ணிடம் பேசுவதை விட்டுவிட்டேன். மாமியாரிடமே பேசினேன். ‘போடச் சொன்னது நான், ஏதாவது ஆச்சுன்னா என் வீட்டு வாசல்ல வந்து கேளுங்க’ என்று சொல்லிவிட்டு வருவேன். வீட்டுக்காரர் திட்டினார், யாருக்கோ ஏதோ ஆனால் உன்னை ஏன் இழுத்துக்கொள்கிறாய் என்று. ஆனால் அப்படிச் சொன்ன பிறகு போட்டுக்கொண்டார்கள்.

லேபர் வார்டு

நர்சம்மா, அதைப் படித்துவிட்டு கொஞ்ச நேரம் சும்மா இருந்தேன். நாங்கள் வார்டில் ஒப்புதல் படிவத்தில் கையெழுத்து வாங்குகிறோம். அது பழியை அவள் பக்கம் தள்ளும் காகிதம். நீங்கள் செய்தது எதிர்த் திசை.

சும்மா ஒரு ஆள்

டாக்டர், நன்றி. நாலு வருஷமாக யாரும் இப்படிப் பதில் சொல்லவில்லை. நான் இன்னொரு டோஸ் போடுவேனா என்று கேட்காதீர்கள், தெரியாது.

கோவை காத்திருப்பு

மீனு, தங்கை என்ன முடிவு செய்தாள்? திரியை ஆரம்பித்துவிட்டு அதைச் சொல்லவே இல்லை.

கொடிவேரி மீனு

முகூர்த்தத்துக்கு மட்டும் போகிறாளாம், திறந்த மண்டபம். முதல் நாள் ராத்திரி ரிசப்ஷன் ஏசி ஹாலில், அதற்குப் போகவில்லை. அவள் மாமியாரிடம் நானே பேசினேன், செஞ்சி நர்ஸைப் படித்த தைரியத்தில். ‘அக்காதான் வேண்டாம்னு சொன்னான்னு எல்லார்கிட்டயும் சொல்லுங்க’ என்றேன். ஒரு நிமிஷம் அமைதி. அப்புறம் அவர், ‘எனக்கும் அந்த ஏசி ஆகாதும்மா, நானும் அவளோடயே இருந்துக்கறேன்’ என்றார். மாஸ்க் மட்டும் போட மாட்டேன் என்கிறாள், பட்டுப்புடவைக்கு நன்றாக இருக்காதாம்.

ரெண்டாங்கட்டு

புடவைக்கு எடுத்த பிளவுஸ் துணியில் மிச்சம் இருந்தால் டெய்லரிடம் கொடுத்துத் தைக்கச் சொல்லுங்கள். என் மைத்துனிக்கு அப்படித்தான் செய்தோம், கல்யாணத்தில் நாலு பேர் எங்கே வாங்கினாய் என்று கேட்டார்கள்.

லேபர் வார்டு

பிளவுஸ் துணி ஒரு அடுக்கு போதாது, உள்ளே சர்ஜிக்கல் மாஸ்க் போட்டு மேலே அதைப் போடச் சொல்லுங்கள். ஃப்ளூ ஊசி போட்டாளா? அதைப் பற்றி யாரும் பேசுவதே இல்லை. 2009 பன்றிக் காய்ச்சலில் அமெரிக்காவில் இறந்தவர்களில் சுமார் 5 சதவீதம் கர்ப்பிணிகள், மக்கள்தொகையில் அவர்கள் ஒரு சதவீதம்தான்.

கொடிவேரி மீனு

இல்லை டாக்டர், அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. செவ்வாய்க்கிழமை செக்கப், கேட்கச் சொல்கிறேன்.

செஞ்சி நர்ஸ்

செவ்வாய்க்கிழமை போகும்போது பிக்மி நம்பர் (கர்ப்பத்தை அரசிடம் பதிந்ததும் தரும் எண்) வாங்கியாச்சா என்றும் கேட்கச் சொல்லுங்கள். ஐந்தாம் மாதம் என்கிறீர்கள், இதற்குள் வாங்கியிருக்க வேண்டும். அது இல்லாமல் பிறப்புச் சான்றிதழுக்கு அலைய வேண்டியிருக்கும்.